பாடத்திட்டம் அறிந்து பட்டம் தேர்தல்



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பலர் இந்நாளில் விருந்தோம்பல், சுற்றுலா மேலாண்மைப் படிப்புகளை நாடுகின்றனர். பெற்றோர் கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றை விசாரிக்கின்றனர். பாடத்திட்டத்தைப் படித்துப் பார்ப்போர் சிலரே. கொல்லாமையை வாழ்வறமாகக் கொண்ட குடும்பங்கள் முதலில் ஆராய வேண்டியது அதுவே.

விருந்தோம்பல் பட்டத்தின் அடிப்படைப் பாடங்கள் நான்கு: உணவுத் தயாரிப்பு, உணவும் பானமும் பரிமாறுதல், வரவேற்பகம், அறைப் பராமரிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் முட்டை, மீன், கோழி ஆகியவற்றைச் சமைப்பது தொடக்க ஆண்டிலேயே செய்முறைப் பயிற்சியாக வந்துவிடும். பரிமாறும் பாடத்தில் மது வகைகளும் இடம்பெறும். சேர்ந்தபின் இதை அறியும் மாணவர் விரதத்தை விடுவதா, படிப்பை விடுவதா என்று தவிக்க நேரும். முன்னரே திட்டமிடுவோர்க்கு வேறு வழிகள் உண்டு.

அகமதாபாத், போபால், ஜெய்ப்பூர் ஆகிய ஊர்களிலுள்ள உணவக மேலாண்மை நிறுவனங்கள் புலால் நீக்கிய சமையலை மட்டும் பயிலும் வாய்ப்பை அறிமுகப்படுத்தின. சேரும் ஆண்டில் அவ்வாய்ப்பு தொடர்வதை எழுத்து வழியே உறுதிசெய்தல் நலம். சமையற்கூடமே வேண்டாதவர்க்குப் பயணப் படிப்பு பொருந்தும். 1983இல் தோன்றிய இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம் குவாலியரிலும் நெல்லூரிலும் அத்தகைய படிப்புகளை நடத்துகிறது.

சேர்ந்த பின்னரும் தேர்வு முடிவதில்லை. விருப்பப் பாடங்களில் வரவேற்பகம், நிகழ்ச்சி மேலாண்மை, பயணத் திட்டமிடல் முதலியவற்றை நாடலாம். தொழிற்பயிற்சிக்கு எந்த விடுதி, எந்தத் துறை என்பதை முந்தைய பருவத்திலேயே ஆசிரியரிடம் பேசி முடிவு செய்யலாம். இறுதியாண்டு ஆய்வேட்டிற்குச் சித்தன்னவாசல், கழுகுமலை, திருமலை, மேல்சித்தாமூர் ஆகிய தலங்களை இணைக்கும் யாத்திரைத் திட்டம் தக்க பொருளாகும். தங்குமிடம், சாலை, கதிரவன் மறையுமுன் உணவு என யாத்திரிகரின் தேவைகள் அனைத்தும் அதில் அடங்கும்.

விரதம் இத்தொழிலுக்குத் தடையென எண்ண வேண்டுவதில்லை. சமண உணவுக்கென விமான நிறுவனங்கள் ‘வி.ஜே.எம்.எல்.’ என்னும் தனிக் குறியீட்டையே வைத்துள்ளன. கிழங்கு, வெங்காயம், பூண்டு நீக்கிய உணவின் இலக்கணத்தை வீட்டிலேயே கற்ற பிள்ளைக்கு அது தொழில் அறிவாகவும் பயன்படும்.

ஆதலின், முதற்கட்டணம் செலுத்துமுன் எல்லாப் பருவங்களின் பாடப்பட்டியலையும் பெற்றுப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து படிப்பார்களாக.