மனம் கேட்கும் மருத்துவரின் மனம்

(தென்காசியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் நம் கடைக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. சாரல் நின்றதும் ஓய்வு கிடைத்துவிடும். மூன்றாண்டுகளும் சீசனாகவே இருந்தால் உடம்பு தாங்குமா? மனநல மருத்துவத்தில் எம்.டி. படிக்கும் பிள்ளைகள் பலரின் நிலை அதுதான்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாளை மறந்திருக்க மாட்டீர்கள். ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் மனநோயாளிகள் கருகினார்கள். மாண்டவர்கள் 28 பேர். மருத்துவர்கள் எங்கே என்று அன்று கேட்டோம். நியாயமான கேள்வி. இன்றும் நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால், அந்த மருத்துவராக வேண்டிப் படிக்க வருகிறவர் என்ன பாடுபடுகிறார் என்று யாராவது கேட்டோமா?

நம் பகுதியில் அரளி விதையை அரைத்துக் குடித்தவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுகிறோம். உயிர் பிழைத்ததும் "ஏன் குடித்தாய் அம்மா?" என்று உட்கார்ந்து கேட்பது பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்தான். கேட்டதையெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகவேண்டும். குடியை நிறுத்தியதால் வெறிபிடித்துக் கை ஓங்குகிறவரையும் அவரே பார்க்கவேண்டும். பார்த்து அனுப்பிய நோயாளி மறுவாரம் தற்கொலை செய்துகொண்டால், அந்தச் செய்தியோடு இரவுப் பணிக்கும் அவரே வரவேண்டும்.

இப்படி உள்ளம் வற்றிப்போவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல், தீராத பணி நெருக்கடியால் வரும் நிலை என்று வரையறுத்தது. நோய் என்று சொல்லவில்லை. அப்படியானால் கோளாறு ஆளிடமா, வேலையிலா?

எல்லாத் துறைகளையும் சேர்த்து, ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக 2024இல் கணக்கு வெளியானது. அவர்களில் 58 பேர் முதுநிலை மாணவர்கள். படிப்பைப் பாதியில் விட்ட முதுநிலை மாணவர்கள் 1,117 பேர்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992இலேயே சொல்லிவிட்டது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்ததோ வாரத்துக்கு 74 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை. 32 ஆண்டுகளில் 26 மணி நேரம் கூடியிருக்கிறது, பாருங்கள்! அந்த 74 மணி நேரத்தையாவது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தட்டும்.

நம் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. "பைத்தியக்கார டாக்டருக்கா படிக்கிறாய், சர்ஜன் ஆகக் கூடாதா?" என்று கேட்காதீர்கள். பிள்ளை தூக்கமில்லை, முடியவில்லை என்றால் செலவுக் கணக்கைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் மருத்துவர்களுக்கும்தான்.

பணி நேரத்தைப் பதிவேட்டில் எழுதி மாதாமாதம் வெளியிடக் கோரும் மனு, வாசல் மேசையில் இருக்கிறது. சுகாதார அமைச்சருக்கு அனுப்புகிறோம். வணிகர்கள் கடை முத்திரையோடு கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.