மூளையும் பழுப்புக் கொழுப்பும்

பருத்த உடலினரைக் கண்டதும், ‘அளவறியாது உண்பவர்’ என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அத்தீர்ப்பு எவ்வளவு நியாயமானது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

நம் உடலிலுள்ள கொழுப்பு பெரும்பாலும் வெள்ளை நிறமுடையது. அது உணவின் ஆற்றலைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். வேறொரு கொழுப்பும் சிறிதளவு உண்டு. அதன் நிறம் பழுப்பு. அது அடுப்புப் போன்றது. கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து நேரே உஷ்ணமாக்குவது அதன் தொழில். பிறந்த குழந்தைக்குக் குளிரில் சூடளிப்பது இதுவே. வயது வந்தோரிடம் இது குறிப்பிடத்தக்க அளவில் எஞ்சுவதில்லை என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். கழுத்திலும் காறை எலும்பின் மேற்புறத்திலும் இது உயிர்ப்புடன் இருப்பதை 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் நிலைநாட்டின.

இவ்வடுப்பை மூட்டுவது மூளையே. தோலில் குளிர் பட்டதும் அச்செய்தி மூளையின் அடிப்புறத்திலுள்ள ஹைப்போதாலமஸ் என்னும் பகுதியை எட்டுகிறது. அங்கிருந்து எழும் கட்டளை தண்டுவடம் வழியாகப் பரிவு நரம்புகளை அடைகிறது. அவற்றின் நுனியில் நார்அட்ரினலின் சுரந்ததும் பழுப்புக் கொழுப்பு எரியத் தொடங்குகிறது. பசியை ஆள்வதும் அதே ஹைப்போதாலமஸ்தான். வரவும் செலவும் ஒரே கணக்கர் கையில்! 1940இல் ஹெதரிங்டன், ரான்சன் என்னும் இருவர் எலிகளின் ஹைப்போதாலமஸில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்தபோது, அவ்வெலிகள் மிகப் பருத்துப் போயின.

2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆறு வாரம், நாள்தோறும் இரண்டு மணி நேரம், 17 டிகிரி குளிரில் இருந்தவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பின் செயல் பெருகியது; உடற்கொழுப்பும் சற்றே குறைந்தது. இதைக் கேட்டு, வடக்கே வாழும் நம் அன்பர்கள் மார்கழிக் குளிரில் கம்பளியை உதறிவிட வேண்டா. குளிர் இரத்த நாளங்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்தும். முதியோருக்கும் இதய நோயுடையோருக்கும் அது ஆபத்து.

பருத்தவர்களிடம் பழுப்புக் கொழுப்பின் செயல் பொதுவாகக் குறைந்தே காணப்படுகிறது. உணவில் அளவும் உடலுழைப்பும் எல்லோருக்கும் வேண்டுவனவே. ஆயினும், ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே அளவு உண்ணும் இருவரில் ஒருவர் பருக்கிறார், மற்றவர் மெலிந்தே இருக்கிறார். அவர்கள் அறியாமலே மூளை எழுதும் கணக்குக்கும் அதில் பங்குண்டு. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைக்க நா எழும்போது இதனை நினைவிற் கொள்வோமாக. ஏளனத்தால் எவர் உடலும் இளைத்ததில்லை, உள்ளமே இளைக்கும்.