மலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் வலையமைப்பு முதுகலையும்

கேமரன் மலைக்கு ஏறிச் செல்ல முக்கியமாக இரண்டு சாலைகள் இருக்கின்றன. ஒன்று தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய சாலை. மற்றொன்று சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் சாலை. மழைக் காலத்தில் தாப்பா சாலையில் மண் சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி லாரிக்காரர் என்ன செய்வார்? எதிரே வரும் வண்டிக்காரரிடம் கேட்பார். நிலைமை தெரிந்ததும் லாரியைத் திருப்பிக் கம்போங் ராஜா பக்கம் போவார். தூரம் கூடினாலும் காய்கறி அழுகாமல் சந்தைக்குப் போய்ச் சேரும்.

கணினி வலையமைப்பில் இந்த வேலைக்குத்தான் ரூட்டிங் என்று பெயர். ஒரு தகவல் துண்டு எந்த வழியாகப் போக வேண்டும், அந்த வழி அடைபட்டால் அடுத்த வழி எது, அடைபட்ட செய்தியை யார் யாருக்குச் சொல்வது என்பதையெல்லாம் ரூட்டர் என்ற கருவி நொடிக்கும் குறைந்த நேரத்தில் முடிவு செய்கிறது. இதை முதுகலை அளவில் படிப்பது பற்றித்தான் இன்றைய பேச்சு. அதிலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இதைப் படிக்கலாமா, படித்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

கேள்வி சாதாரணமானதல்ல. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கியது. காடு வெட்டிக் கன்று நட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தோட்டத்தில் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பழைய கவலை இருக்கிறது. லயத்து வீடு தோட்டத்தினுடையது. அப்பாவுக்கு வேலை ஓய்ந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். இந்த நிலையில் பட்டப்படிப்பை முடித்த மகனோ மகளோ, "இன்னும் இரண்டு வருஷம் படிக்கிறேன்ப்பா" என்று சொன்னால், அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. "முதல்ல ஒரு வீடு வாங்குற வழியப் பாருப்பா" என்று அம்மா சொல்வதில் தவறு காண முடியாது.

அதனால் இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டியிருக்கிறது.

மீண்டும் சாலைக்கே வருவோம். ஒரு தோட்டத்துக்குள் எந்தப் பாதை கிட்ட, எந்தப் பாதை தூரம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். உரிமையாளர் ஒருவர்தானே? அதனால் மிகக் குறைந்த தூரத்தைக் கணக்குப் போட்டுப் போகலாம். அந்தக் கணக்கை 1956ஆம் ஆண்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் ஆம்ஸ்டர்டாம் காப்பிக்கடை ஒன்றில் உட்கார்ந்து, பேனாவும் காகிதமும் இல்லாமல், சுமார் 20 நிமிடத்தில் மனத்திலேயே போட்டார். 1959இல் அதை வெளியிட்டார். இன்றும் ஒரு நிறுவனத்துக்குள் இருக்கும் ரூட்டர்கள் பலவற்றில் ஓடுவது அந்தக் கணக்குத்தான்.

ஆனால் தோட்டத்தின் கேட்டைத் தாண்டியதும் கதை மாறிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துச் சாலையில் லாரி விட வேண்டுமானால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். கிட்ட வழியாக இருந்தாலும் கட்டணம் கேட்டால் சுற்றிப் போவதே மேல். உலக இணையமும் இப்படித்தான். பல்லாயிரம் நிறுவனங்கள் தனித்தனித் தோட்டம்போல் இருக்கின்றன. அவற்றுக்கிடையே வழியைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமல்ல; உடன்பாடும் பணமும்தான். இதற்கான விதிமுறைக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989ஆம் ஆண்டு கர்க் லொஹீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரண்டு பொறியாளர்கள் மதிய உணவு மேசையில், கைதுடைக்கும் காகிதத்தில் எழுதி உருவாக்கியது அது. அவசரத்துக்குச் செய்த வேலை. உலகம் இன்னமும் அதன் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் ஒரு பெரிய பலவீனம் உண்டு. பக்கத்துத் தோட்டம் சொல்வதை அப்படியே நம்புவது. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட வழி அறிவிப்பு வெளியே கசிந்தது. உலகத்தின் பல பகுதிகளில் யூடியூப் இரண்டு மணி நேரம்வரை கிடைக்கவில்லை.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூன் 12ஆம் தேதி, மலேசிய நேரப்படி மாலை ஐந்து மணிக்குச் சற்று முன். நம் நாட்டு டெலிகாம் மலேசியாவின் வலையமைப்பிலிருந்து சுமார் 179,000 வழி அறிவிப்புகள், லெவல் 3 என்ற மாபெரும் அமெரிக்க நிறுவனத்துக்குத் தவறுதலாகப் போயின. ரிங்லெட் சந்திப்பில் ஒருவர், "உலகத்திலுள்ள எல்லா ஊருக்கும் இதுவே வழி" என்று எழுதி, அம்புக்குறியைத் தோட்டத்து மண்சாலை பக்கம் காட்டிப் பலகை நட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. பலகையை லெவல் 3 நம்பியது. வாடிக்கையாளர் காட்டும் வழிக்கே முதலிடம் கொடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம், அதில்தானே காசு! உலகத்துப் போக்குவரத்தில் ஒரு பெரும் பங்கு மலேசியா பக்கம் திரும்பியது. அந்தச் சுமையை நம் சாலை தாங்குமா? ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பல நாடுகளில் இணையம் தவழ்ந்தது. டெலிகாம் மலேசியா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

இங்கேதான் முதுகலைப் படிப்பின் தேவை தெரிகிறது. ரூட்டரில் எந்தக் கட்டளையைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதைச் சான்றிதழ் வகுப்புகள் நன்றாகவே சொல்லித் தருகின்றன. வேலைக்கு அது போதும். ஆனால் 2015இல் நடந்ததுபோல் இன்னொரு முறை நடக்காமல் தடுப்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "வழி அறிவிப்புகளுக்கு மின்னியல் கையொப்பம் போட்டால் போதுமே" என்பார் ஒருவர். அப்படி ஒரு முறை வந்திருக்கிறது. ஆர்.பி.கே.ஐ. என்பார்கள். ஒரு முகவரியை அறிவிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை அது சரிபார்க்கும். யூடியூப் சம்பவம் போன்றவற்றுக்கு அது மருந்து. ஆனால் 2015 கசிவில் முகவரிகளின் உரிமையாளர் பெயர் சரியாகவே இருந்தது. நடுவில் காட்டிய பாதைதான் தவறு. ஊர்ப் பெயர் சரி, அம்புக்குறி தப்பு. உரிமையாளரை மட்டும் பார்க்கும் கையொப்பத்தால் அதைப் பிடிக்க முடியாது. இதற்கென்று 2022ஆம் ஆண்டில்தான் ஒரு புதிய தரநிலை வெளிவந்தது. இரண்டு வலையமைப்புகள் இணையும்போதே, யார் வாடிக்கையாளர், யார் வழங்குநர், யார் சரிசமம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்கிறது அது. எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கிறார்களா, பாதிப் பேர் மட்டும் கடைப்பிடித்தால் எவ்வளவு பயன் என்பவை இன்னும் ஆய்வுக்குரிய கேள்விகள். இப்படிப்பட்ட கேள்வியோடு இரண்டு வருஷம் உட்கார்ந்திருப்பதுதான் முதுகலை.

இதைப் படிக்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. நம் நாட்டில் இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1987இல் மிமோஸ் ஆய்வுக்கூடம் பல்கலைக்கழகக் கணினிகளை இணைத்து ராங்கோம் என்ற வலையமைப்பைத் தொடங்கியது. முகமட் அவாங் லா அதன் முன்னோடி. 1992இல் அதிலிருந்து ஜாரிங் பிறந்தது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டு தேசிய உயர்நிலை ஐ.பி.வி.6 மையம் அமைந்தது. அதை இயக்குநராக இருந்து வளர்த்தவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். நம்மவர். மயாமி பல்கலைக்கழகத்தில் மின், கணினிப் பொறியியலில் பட்டமும் முதுகலையும் முடித்துவிட்டு வந்து, பினாங்கில் பாடம் நடத்திக்கொண்டே 2000ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றவர். இணைய முகவரிகள் தீர்ந்துவிடும், புதிய முகவரி முறைக்கு மாற வேண்டும் என்பதே அந்த மையத்தின் வேலை. தீர்ந்தும் விட்டது. 2011 ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரம்தான் உலகிலேயே முதலில் பழைய முகவரிகளின் கடைசித் தொகுதிக்கு வந்து நின்றது.

தமிழகத்துப் பக்கம் பார்த்தால் ஹரி பாலகிருஷ்ணன் இருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் 1993இல் பட்டம், பெர்க்லியில் முனைவர், எம்.ஐ.டி.யில் பேராசிரியர். வலையமைப்பு ஆய்வுக்காக 2023ஆம் ஆண்டின் மார்க்கோனி பரிசு பெற்றார். ஆனால் அவர் ஒரு பேராசிரியரின் மகன். லயத்துப் பிள்ளைக்கு அவரை உதாரணம் காட்டிவிட்டு, "நீயும் இப்படி வா" என்று சொல்வது நியாயமில்லை.

லயத்துப் பிள்ளைக்கு இருக்கும் மூலதனம் வேறு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, நாட்டின் உட்புறங்களில் மாணவர்கள் சிக்னல் தேடி மேடு ஏறினார்கள். மலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதா? லயம் இருப்பது பள்ளத்தில். ரேடியோ அலை மலையை ஊடுருவாது. வளைந்து இறங்குவதும் கொஞ்சம்தான். எந்த வளைவில் ஒரு கோடு வரும், எந்த மேட்டில் மூன்று கோடு வரும் என்று தோட்டத்துப் பையனுக்கு மனப்பாடம். அதே 2020இல் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தைத் தொடங்கியது. 2021 இறுதியில் 3ஜி சேவையை மூடியது. நாட்டின் சராசரிக் கணக்கு ஏறுகிறது. பள்ளத்திலுள்ள லயம் சராசரியில் வராது.

இந்த அனுபவத்திலிருந்தே ஆய்வுத் தலைப்பு எடுக்கலாம். தேயிலைக்குக் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. ஈரமும் குளிரும் நீடித்தால் பரவும். சரிவு முழுக்கச் சின்னச் சின்ன உணரிகளை நட்டு, இலை ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து அனுப்பச் சொன்னால், மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே கணிக்க வழி பிறக்கும். பிரச்சினை என்னவென்றால், உணரி ஓடுவது பேட்டரியில். தூரத்துக் கோபுரத்துக்கு நேரே பேச அதற்குத் தெம்பு இல்லை. அதனால் பக்கத்து உணரியிடம் கொடுக்கும்; அது அடுத்ததிடம் கொடுக்கும். பறித்த கொழுந்து மூட்டை மூட்டையாக நிறுவைக் கொட்டகையில் சேர்ந்து, அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போகிறதே, அதே அமைப்பு. இதற்கென 2012இல் ஆர்.பி.எல். என்ற விதிமுறை வந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை உணரிகள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஏதாவது மாறினால் மட்டும் அடிக்கடி பேசும். நல்ல குடும்பம்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! மூடுபனி, செங்குத்துச் சரிவு, வாரக்கணக்கில் மழை என்றிருக்கும் இடத்தில் இது எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து எழுத, அந்த மண்ணைத் தெரிந்தவரை விடப் பொருத்தமானவர் யார்?

கருவிக்குப் பெரிய செலவும் இல்லை. நடுத்தர மடிக்கணினி ஒன்றிலேயே மினிநெட், ஜி.என்.எஸ்.3 போன்ற இலவச மென்பொருள்களை வைத்துப் பத்து இருபது ரூட்டர்களைப் போலியாக ஓட்டலாம். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் உலக இணையத்தின் வழி அறிவிப்புகளைச் சேமித்து இலவசமாகவே கொடுக்கிறது. 2015 ஜூன் 12 மாலையில் நடந்ததை இன்றைக்கும் ஒரு மாணவர் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து, நிமிடம் நிமிடமாகப் பார்க்க முடியும்.

இனிப் பணமும் தகுதியும். பல பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பில் 2.75 புள்ளிச் சராசரியை எதிர்பார்க்கின்றன. சற்றுக் குறைந்திருந்தால் அனுபவத்தைப் பார்த்துச் சேர்ப்பதும் உண்டு. டிப்ளோமாவோடு வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு அபேல் என்ற வழி இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய, துறையில் அனுபவமுள்ள தொழில்நுட்பர், தேர்வும் மதிப்பீடும் கடந்து நேரடியாக முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாமலே போகிறது. சேமநிதி வாரியத்தில் கல்விக்கென்று பணம் எடுக்கவும் அனுமதி உண்டு. ஆனால் அப்பாவின் சேமநிதிதான் நாளைய வீடு என்றால், அதில் கை வைப்பதற்கு முன் வேலை செய்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்க முடியுமா என்று பாருங்கள். வேலை கிடைக்கவில்லை, சும்மா இருப்பானேன் என்று முதுகலைக்குப் போவது மட்டும் வேண்டாம். அப்படிப் போகிறவர்கள் பாதியில் நிற்பதுதான் அதிகம்.

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஆய்வு முறையில் சேருவதானால் முதலில் தேட வேண்டியது பல்கலைக்கழகத்தின் பெயரையல்ல, மேற்பார்வையாளரை. ரூட்டிங்கில் அண்மையில் அவர் என்ன கட்டுரை எழுதியிருக்கிறார், அவரிடம் ஆய்வு உதவியாளர் பணி இருக்கிறதா, அவருடைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று விசாரியுங்கள். பிறகு இரண்டு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதி அவருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அனுப்புங்கள். பேராசிரியர்களின் மின்னஞ்சல் பெட்டி தாப்பா சாலையைவிட நெரிசலானது.