அமெரிக்க நாணயம் சேர்ப்போர்க்கு



பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்தவுடன், "இஃது எத்தனை ஆண்டுப் பழமை உடையது?" என்று கேட்பது நம் இயல்பு. நாணயம் சேர்க்கும் கலையில் அக்கேள்விக்கு நான்காம் இடமோ ஐந்தாம் இடமோதான் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலில் உரோமானியரின் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை பல. அத்தகைய தேய்ந்த உரோமானியக் காசுகளை உலகச் சந்தையில் எளிய விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால், 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடித்த ஒருவகைச் சென்ட் காசுக்கு அதைப்போற் பன்மடங்கு விலை கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்பதை அறிந்த பின்னரே ஒருவர் பணப்பையைத் திறக்க வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாணயச் சட்டம் 1792ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் நிறைவேறிற்று. பிலடெல்பியா நகரில் நாணயச்சாலை அமைந்தது. நாணயச்சாலையைத் தங்கசாலை என்பது நம் பழைய வழக்கு; சென்னையில் தங்கசாலைத் தெரு என்ற பெயர் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. வானநூல் அறிஞராகிய டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்பவரே பிலடெல்பியாச் சாலையின் முதல் தலைவர். பின்னர், தங்கமும் வெள்ளியும் கிடைத்த மேற்குப் பகுதிகளிலும் தெற்கிலும் வேறு சாலைகள் எழுந்தன. சான்பிரான்சிஸ்கோ 1854இலும், கார்சன் நகரம் 1870இலும், டென்வர் 1906இலும் நாணயம் அடிக்கத் தொடங்கின. நியூ ஆர்லியன்சில் 1838 முதல், உள்நாட்டுப் போரால் இடையிலே தடைப்பட்டு, 1909 வரை அடித்தார்கள். எந்தச் சாலையில் அடித்தது என்பதைக் காட்ட, நாணயத்தில் ஒரு சிற்றெழுத்தைப் பொறிப்பது வழக்கம். சான்பிரான்சிஸ்கோவுக்கு 'எஸ்', டென்வருக்கு 'டி', நியூ ஆர்லியன்சுக்கு 'ஓ', கார்சன் நகருக்கு இரட்டைச் 'சி'. தலைமைச் சாலையாகிய பிலடெல்பியா நெடுங்காலம் எவ்வெழுத்தும் இடாமலே அடித்து வந்தது.

இந்தக் கடுகளவு எழுத்தில்தான் விலையின் சூட்சுமம் இருக்கிறது. முன்னே சொன்ன 1909ஆம் ஆண்டுச் சென்ட் காசையே எடுத்துக்கொள்வோம். ஆபிரகாம் லிங்கன் பிறந்து நூறாண்டு நிறைந்ததை முன்னிட்டு, அவருடைய உருவத்தைப் பொறித்து அக்காசை வெளியிட்டார்கள். அதனை வடித்தவர் விக்டர் டேவிட் பிரென்னர் என்னும் சிற்பி. காசின் பின்புறத்தில், இரு கோதுமைக் கதிர்களின் அடியில், தம் பெயரின் முதலெழுத்துகளாகிய 'வி. டி. பி.' என்பவற்றை அவர் பொறித்திருந்தார். சிற்பியின் பெயர் இவ்வளவு பளிச்சென்று தெரிவதா என்று குறை கூறினர் சிலர். சில நாள்களுக்குள்ளாகவே அவ்வெழுத்துகளை அகற்றிவிட்டார்கள். (1918இல் லிங்கனின் தோளுக்குக் கீழே, உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு தேட வேண்டிய அளவில், அவை திரும்ப இடம்பெற்றன.) அகற்றுவதற்கு முன் பிலடெல்பியாவில் அடித்தவை ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம். சான்பிரான்சிஸ்கோவில் அடித்தவை 4,84,000 மட்டுமே. உலோகம் ஒன்று, உருவம் ஒன்று, ஆண்டு ஒன்று. ஆண்டின் கீழே 'எஸ்' என்னும் எழுத்து இல்லாத காசை மாணவரும் வாங்கலாம். இருக்கும் காசை வாங்கச் சம்பளம் பெறுவோரும் தயங்குவர்.

ஆனால், எத்தனை அடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்து விலையை மதிப்பிட்டால் அதுவும் தவறிவிடும். எத்தனை எஞ்சி நிற்கின்றன என்பதன்றோ கணக்கு! இதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் காகிதப் பணத்தின்மீது மக்களுக்கு ஐயம் எழுந்தது. நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபாய்களாக மாற்றிக்கொள்ளக் கூட்டம் கூடிற்று. அரசாங்கத்தின் வெள்ளி இருப்பு கரைந்துகொண்டே போனது. பிரிட்டன் அமெரிக்காவின் உதவியை நாடியது. 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்பது அங்கே நிறைவேறியது. அதன்படி ஏறத்தாழ 27 கோடி வெள்ளி டாலர்களை அமெரிக்கர் உருக்கினார்கள். அவற்றுள் ஏறத்தாழ 26 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரில் இருந்த தூய வெள்ளி 24 கிராமுக்குச் சற்று மிகுதி. அக்கால ரூபாயில் இருந்தது 10.7 கிராம் அளவு. ஆகவே ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். உங்கள் பாட்டியின் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலையோடு 1918ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று கிடந்தால், அதில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்கவும் கூடும்.

உருக்கியபோது எந்த ஆண்டு டாலர், எந்தச் சாலை டாலர் என்று எவரும் குறித்து வைக்கவில்லை. எனவே, எவ்வகை அழிந்தது, எவ்வகை தப்பியது என்பதை ஊகித்தே விலை வைத்தார்கள். நியூ ஆர்லியன்சில் 1903ஆம் ஆண்டில் 44 இலட்சத்துக்கு மேல் டாலர்கள் அடித்திருந்தும், புத்தம் புதிதாகக் கிடைப்பது மிக அரிதாக இருந்தமையால், அநேகமாக எல்லாம் உருகிப்போயின என்றே நம்பினர். அதற்குப் பெருவிலை நிலவியது. 1962ஆம் ஆண்டின் இறுதியில், அரசுக் கருவூலத்தில் நெடுங்காலம் முத்திரையிட்டுக் கிடந்த மூட்டைகள் வெளிவந்தன. மூட்டைக்கு ஆயிரம் டாலர். அவற்றுள் அந்த 1903ஆம் ஆண்டு நாணயமும் இருந்தது. விலை மளமளவென்று சரிந்தது. முந்தைய ஆண்டு பெருமிதத்தோடு அதனை வாங்கியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நாணயத்தை முதலீடாகக் கருதி இறங்கும் இளைஞர்களுக்கு இந்த வரலாற்றை நான் தவறாமற் சொல்வேன்.

இனிப் போலிகளைப் பற்றி. என் பழைய மாணவன் ஒருவன், கல்லூரியில் பயில்பவன், சுற்றுலா ஊர் ஒன்றில் நடைபாதை வணிகரிடம் 1804 என்று ஆண்டு பொறித்த டாலர் ஒன்றை வாங்கி வந்தான். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் அது. தெரிந்த நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தோம். அக்கால டாலர் 27 கிராம் அளவு இருக்க வேண்டும். இஃது இருபதைக்கூட எட்டவில்லை. காந்தத்தை அருகிற் கொண்டுபோனவுடன் ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. பையனின் கண் கலங்கிவிட்டது. உண்மையில், தராசும் காந்தமும்கூடத் தேவையில்லை. அந்நாணயத்தின் வரலாற்றை அறிந்திருந்தாலே போதும்.

1804ஆம் ஆண்டில் 19,570 டாலர்கள் அடித்ததாகச் சாலையின் கணக்கேடு கூறுகிறது. ஆனால், அவற்றைப் பழைய அச்சுகளைக் கொண்டு அடித்தமையால், அவை முந்தைய ஆண்டுகளையே தாங்கி வெளிவந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து, சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் அன்பளிப்பாக நாணயத் தொகுதிகளை அனுப்ப அமெரிக்க அரசு விரும்பிற்று. கணக்கேட்டைப் பார்த்த அதிகாரிகள், 1804 என்னும் ஆண்டிட்டே புதிய அச்சு செய்து டாலர்களை அடித்தார்கள். பின்னும் சில அவ்வாறே அடிக்கப்பட்டன. உலகில் அறியப்பட்டவை எல்லாம் சேர்ந்து இருபதுக்கும் குறைவு. ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பது எழுத்தில் இருக்கிறது. அது நடைபாதைக்கு வருமா?

வேறு வகைப் புரட்டுகளும் உண்டு. 1943இல் போருக்குச் செம்பு வேண்டியிருந்தமையால், துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். பழைய வெண்கலத் தகடுகள் சில எந்திரத்தில் தங்கி, தற்செயலாக அவ்வாண்டின் அச்சில் அகப்பட்டன. அந்தச் சில காசுகளின் விலை வீடு வாங்கும் அளவினது. ஆகவே, எஃகுக் காசுக்குச் செம்பு பூசுவோர் உண்டு; காந்தம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். 1948ஆம் ஆண்டுக் காசில் எட்டைச் செதுக்கி மூன்றாக்குவோரும் உண்டு. அங்கே கண்ணாடிதான் துணை. 1916இல் டென்வரில் அடித்த பத்துச் சென்ட் வெள்ளிக்காசுகள் 2,64,000 மட்டுமே என்பதால், பிலடெல்பியாக் காசில் 'டி' என்னும் எழுத்தை ஒட்டவைத்து விற்கிறார்கள். விலையுயர்ந்த நாணயத்தை, தரம் கண்டு பிளாஸ்டிக் உறையில் இட்டு எண் கொடுக்கும் நிறுவனங்களின் சான்றின்றி வாங்காதீர்கள். அவ்வுறையிலும் போலி வந்துவிட்ட காலம் இது. எண்ணையும் படத்தையும் அந்நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தரம் என்றேன். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய பெரிய சென்ட் காசுகளுக்காக வகுத்த ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோலே இன்று எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் வழங்குகிறது. ஒரு படி ஏறினால் விலை இரட்டிப்பதும் உண்டு. நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் நாணயத்தைத் துலக்கினால், பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும். நூறாண்டுக் காலத்தில் மேலே படிந்த நிறம் அழுக்கன்று. துலக்கிய பரப்பில் விழும் நுண்கீறல்களை அறிந்தவர் கண்டவுடனே சொல்லிவிடுவர். நாணயத்தின் முகத்தைத் தொடாமல், விளிம்பைப் பிடித்து எடுங்கள். ரப்பர் வளையம் இட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மெதுவான மலிவுப் பிளாஸ்டிக் உறைகளில் பச்சைப் பசை கசிந்து செம்பை அரிக்கும். கடற்கரை ஊர்களில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் இடுவது நல்லது.

எங்கே தொடங்குவது? 1909 முதல் 1958 வரை பின்புறத்தில் கோதுமைக் கதிர் தாங்கிய சென்ட் காசுகளில் தொடங்குங்கள். பொதுவான ஆண்டுகளுக்கு உரியவை மிக மலிவு. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒரு கைப்பிடி அளவு வாங்கி அனுப்பலாம். ஆண்டு வாரியாக, எழுத்து வாரியாகப் பிரித்து, ஒரு நோட்டில் வாங்கிய நாள், இடம், விலை, எடை ஆகியவற்றை எழுதி வையுங்கள். இடையில் 1943இன் எஃகுக்காசு ஒன்று வெண்ணிறமாய்த் தனித்து நிற்கும். 1913 முதல் 1938 வரையிலான எருமைத் தலைமுறை ஐந்து சென்ட் காசையும் சேர்க்கலாம். மேட்டில் பொறித்தமையால் ஆண்டு எளிதில் தேய்ந்துவிடும், எண் தெளிவாக உள்ளதையே எடுங்கள். 1964 வரை அடித்த பத்துச் சென்ட், கால் டாலர், அரை டாலர் ஆகியவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி உண்டு. சென்ட் காசுக்கு இன்னொரு வசதியும் இப்போது சேர்ந்திருக்கிறது. 1793இல் தொடங்கிப் புழக்கத்துக்காக அடித்துவந்த அக்காசை, 2025 நவம்பரில் பிலடெல்பியாவில் கடைசியாக அடித்து நிறுத்திவிட்டார்கள். உங்கள் நோட்டில் அந்தப் பட்டியலுக்கு எத்தனை வரிகள் வேண்டும் என்பதை இனி முன்கூட்டியே எண்ணிக் கோடிட்டுக்கொள்ளலாம்.