பல்லைக் காக்கும் வேர்ச்சிகிச்சை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் பல்வலியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். ‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் மொழி. சொல்லை வளர்க்கும் சங்கம் பல்லைப் பேணும் வழியையும் எண்ணுதல் முறையே ஆகும். நாம் மருத்துவர் அல்லோம். கரக்பூர் இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடெழுதும் எழுத்தர். கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றுக்கு மூன்று அமர்வுகளில் வேர்ச்சிகிச்சை செய்துகொண்டபோது கண்டவற்றையும், கேட்டும் படித்தும் தெளிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறோம்.

பல் கல்லைப் போலத் தோன்றினும் உயிருள்ள உறுப்பு. புறத்தே எனாமல் என்னும் கடினமான பூச்சு, அதனுள் டென்டைன், நடுவே குருதிக் குழாய்களும் நரம்புகளும் செறிந்த பற்கூழ். இக்கூழ் வேரின் நுனி வரையில் நுண்ணிய கால்வாய்களின் வழியே செல்கிறது. முன்பற்களுக்குப் பெரும்பாலும் ஒரே கால்வாய். கடைவாய்ப் பற்களுக்கு மூன்றும் நான்கும் உண்டு. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் எனாமலை அரித்து உட்புகுகிறது. அரிப்பு கூழை எட்டியதும் கூழ் வீங்க முயல்கிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருத்தலால் வீங்க இடமின்றி அழுத்தம் மிகுகிறது. அதுவே பொறுக்கவொண்ணாத வலி. படுக்கும்போது தலைப்புறம் குருதியழுத்தம் கூடுவதால் இரவில் அது பெருகுகிறது.

குளிர்நீர் பட்டதும் கூசி உடனே அடங்கினால், சொத்தையை அகற்றி அடைப்பதே போதுமானதாக இருக்கலாம். சூடோ குளிரோ பட்டபின் வலி நெடுநேரம் நின்றால், தானே எழுந்து உறக்கத்தைக் கெடுத்தால், கூழ் மீளாத நிலையை அடைந்தது என்று ஐயுறல் வேண்டும்.

இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர். சில நாள் மாத்திரை விழுங்குவர். கிராம்பை வைத்துக் கடிப்பர். ஒருநாள் வலி தானே நின்றுவிடும். ‘பிழைத்தோம்’ என்று மகிழ்வர். அன்பர்களே, கைகாட்டியின் விளக்கு அணைந்திருந்தால் ஓட்டுநர் பாதை திறந்தது என்றா வண்டியைச் செலுத்துவார்? நிறுத்துவார். அதுவே நம் துறையின் விதி. பல்லிலும் அவ்வாறே கொள்க. வலி நின்றது நோய் நின்றதாகாது. கூழ் இறந்ததாலும் வலி நிற்கும். பின்னர் நுண்ணுயிர்கள் வேர்நுனியைக் கடந்து எலும்பில் சீழ் கட்டச் செய்யும். இறந்த கூழினுள் குருதி ஓடாமையால், விழுங்கும் மருந்தும் அங்கே சென்று சேராது. ஆகவே மாத்திரை ஒன்றே நோயைத் தீர்க்காது. கழுத்திலோ கண்ணருகிலோ வீக்கம் பரவினால், காய்ச்சல் கண்டால், விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால், விடியட்டும் என்று காத்திராது அப்போதே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இனி, நாற்காலியில் அமர்ந்தபின் நிகழ்வதைக் கூறுவோம். முதலில் எக்ஸ்ரே படம் எடுப்பர். பின்னர் மரத்துப்போகச் செய்யும் ஊசி. 1943-இல் சுவீடன் நாட்டில் உருவாக்கப்பெற்ற லிக்னோகெயின் என்னும் மருந்தே பெரிதும் வழங்குகிறது. ஊசி குத்தும் நேரம் சிறிது. அதன்பின் அழுத்தம் தோன்றுமேயன்றிக் கடுவலி தோன்றலாகாது. தோன்றின் இடக்கையை உயர்த்துக. மேலும் மருந்து செலுத்துவர். பொறுத்துக்கொள்வது வீரமன்று. பல்லைச் சுற்றி மெல்லிய இரப்பர்த் திரை இடுவர். எச்சில் உட்புகாமலும், கருவிகள் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கும். மேற்புறத்தைத் துளைத்து, கூழை எடுத்து, அரம் போன்ற நுண்கம்பிகளால் கால்வாய்களைத் துலக்கி, மருந்துநீரால் கழுவுவர். நீச்சற்குளத்து நீரின் மணம் போன்றதொரு மணம் எழக்கூடும்; அஞ்சற்க. இறுதியில் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் கால்வாயை அடைப்பர். இது மலேயா நாட்டு மரப்பாலிலிருந்து கிடைப்பது. 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் இட்ட தந்திக் கம்பிக்குக் காப்புறையாக அமைந்ததும் இதுவே.

மரத்த உதடு தெளியச் சில மணி நேரமாகும். அதுவரை சூடான காப்பி வேண்டா. உதட்டைக் கடித்துக்கொள்ளவும் வேண்டா. இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது நோவு இருத்தல் இயல்பு. நாளுக்கு நாள் குறையாமல் மிகுந்தால் மருத்துவரிடம் திரும்புக.

பணி இத்துடன் முடிந்ததென்று எண்ணற்க. கடைவாய்ப் பல் உட்புறம் குடையப்பட்டமையால் எளிதில் பிளவுபடும். அதற்கு உறை இடுதல் இன்றியமையாதது. உறையையும் சேர்த்துச் செலவு எவ்வளவு என்று முதல் நாளே கேட்டறிக. நீரிழிவு, இதயநோய், குருதி உறையாமைக்கு உண்ணும் மருந்து, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மறையாது உரைக்க.

மேற்பல்லைத் தொட்டால் கண்பார்வை கெடும் என்பது நம் ஊர்ப்பக்கத்து அச்சம். பல்லின் நரம்பு வேறு; பார்வை நரம்பு வேறு. அவ்வச்சத்திற்கு ஆதாரம் இல்லை.

வெளியூர் வாழ்வோராகிய நமக்குத் தனித் தொல்லைகள் இரண்டு உண்டு. விடுப்புக் கிடைத்ததும், தற்காலிக அடைப்புடன் ஊருக்கு வண்டி ஏறிவிடுதல் ஒன்று. அவ்வடைப்பு நெடுநாள் தாங்காது. கசிந்தால் செய்த பணி அனைத்தும் வீணாகும். விடுப்பைக் கணக்கிட்டே சிகிச்சையைத் தொடங்குக. மற்றொன்று மொழி. குத்தல், குடைச்சல், கூச்சம், தெறிப்பு என்று நாம் வேறுபடுத்திச் சொல்வன எல்லாம் இங்கே ‘தர்த்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆதலின் எப்போது எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் தணிகிறது என மூன்றையும் சொல்லப் பழகுக. முதியோருடன் மொழியறிந்த இளைஞர் ஒருவர் செல்க. இந்நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரி 1920-இல் டாக்டர் ஆர். அகமது அவர்களால் கல்கத்தாவில் தொடங்கப்பெற்றது. அது இன்றும் நமக்கு அண்மையிலேயே மருத்துவமனையுடன் இயங்குகிறது. நாடிச் செல்லாத குறையே நமது.

இவ்வரங்கில் இப்போதும் ஒருபுறமாகவே மென்றுகொண்டிருப்போர் சிலரேனும் இருப்பர். அவர்கள் வரும் வாரத்திற்குள் மருத்துவரைக் காண்பார்களாயின், இவ்வுரை பயன் பெற்றதாகும்.