முனை பொருந்தவில்லை என்றால்...

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழிலில் கற்றதைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் ராயபுரத்தில் ஆட்டோ எலெக்ட்ரிகல் பட்டறை வைத்திருப்பவன். பெரிய தத்துவம் எல்லாம் எனக்குப் பேச வராது. அதனால் சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பழைய காரில் இக்னிஷன் பாகம் மாற்றும்போது, புதுப் பாகத்தின் முனையும் வண்டியின் ஒயர் முனையும் சேராமல் போகிறதே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

"இது ஒரு விஷயமா? ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுத்தினா போச்சு" என்று சில தம்பிகள் நினைக்கலாம். அந்த நினைப்பு தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம்ம வட சென்னை வண்டிகள் பிறந்த மண். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதுவே 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. அதே 1955-இல்தான் திருவொற்றியூர் என்ஃபீல்டின் கதையும் தொடங்குகிறது. கொஞ்சம் தள்ளி, பாடியில் காயிலும் டைனமோவும் செய்ய 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ஸ்பானர் பிடித்தவர் இருப்பார்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கு முன்பே நின்றது. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு, சினிமா படப்பிடிப்புக்கு, அப்பா ஓட்டிய வண்டி என்ற பாசத்துக்கு என்று இன்றும் ஓடுகின்றன. பாகம் கேட்டு ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போனால், வண்டியோடு வந்த அதே பாகம் கிடைப்பது அபூர்வம். "இது சேரும், எடுத்துட்டுப் போ" என்று கொடுப்பது வேறொரு பாகமாக இருக்கும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேறு துறையில் படித்தவர்களுக்காக இரண்டு வரி. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரன்ட் ஓடுகிறது. பாயின்ட் திறந்த அந்த நொடியில் பிளக்கில் பொறி பறக்கிறது. நாலு சிலிண்டர் வண்டியில் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. பொறி தப்பினால் வண்டி இல்லை.

இந்தக் காயிலுக்கு வரும் ஒயர் முனைகள் காலத்துக்குக் காலம் மாறின. முதலில் திருகாணி முனை இருந்தது. அதற்குக் கண் வைத்த திம்பிள் போதும். பிறகு 6.3 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளேடு முனை வந்தது. அதற்கும் பிறகு மாருதி தலைமுறையில் பிளாஸ்டிக் கப்ளர் பரவியது. குறியீடும் ஊருக்கு ஊர் வேறு. பழைய லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று இருக்கும். முதலாவது சுவிட்சிலிருந்து வருவது, இரண்டாவது பாயின்ட்டுக்குப் போவது. ஜெர்மன் முறையில் அதே இரண்டுக்கும் 15, 1 என்று எண் போட்டிருப்பார்கள். புதியவற்றில் பிளஸ், மைனஸ். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் பாடி எர்த். அந்தக் காலத்துக் காயிலை இன்றைய மைனஸ் எர்த் வண்டியில் மாட்டினால் அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால் பொறி தலைகீழாகப் பாயும், அதற்குக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படும், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

ஆக, முனை சேரவில்லை என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, உருவம் மட்டும் வேறு, உள்ளே எல்லாம் ஒன்று. இன்னொன்று, உள்ளேயும் வேறு. இதில் எது என்று தெரியாமல் கட்டிங் பிளேயரை எடுக்கக் கூடாது. நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

ஒரு சம்பவம் சொல்றேன். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பெட்ரோல் அம்பாசடர் ஒன்று இருந்தது. காயில் போய்விட்டதென்று எங்கோ ஒரு பட்டறையில் புதுக் காயில் மாட்டிக்கொண்டு வந்தார். பத்து நாள் ஓடியது. ஒரு ராத்திரி நிறைமாத மகளை ஏற்றிக்கொண்டு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். எண்ணூர் விரைவுச் சாலையில், முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருக்க, வண்டி நடுவில் நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் இறங்கி ஓரமாகத் தள்ளினார்கள். மகள் ஆட்டோவில் போனார். தாயும் சேயும் நலம். ஆனால் அந்தப் பெரியவர் மறுநாள் என் பட்டறையில் வந்து உட்கார்ந்தபோதும் கை நடுக்கம் நிற்கவில்லை. "நின்ன வண்டி கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆச்சுப்பா, அதான் புரியல" என்றார்.

பானெட்டைத் திறந்தேன். வண்டியின் ஒயரில் கண் திம்பிள், புதுக் காயிலில் பிளேடு முனை. திம்பிளை வெட்டி எறிந்து, செம்பு நூலைப் பிளேடில் சுற்றி, டேப் போட்டிருந்தார்கள். டேப் உருகி வழிந்திருந்தது. காயிலின் கிளாம்ப்பைத் தளர்த்தித் திருப்பினால், வெளி ரெசிஸ்டருடன் பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மீட்டர் வைத்தேன். ஒன்றரை ஓம். அந்த வண்டிக்கு வேண்டியது மூன்று ஓம் காயில்.

கணக்கு எளிது, தம்பிகளே. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். 12-ஐ ஒன்றரையால் வகுத்தால் 8 ஆம்பியர். இரண்டு மடங்கு கரன்ட். பாயின்ட் கருகுகிறது, காயில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. சூடேறினால் பொறி பலம் இழந்து வண்டி நிற்கும். ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பெரியவருக்குப் புரியாத மர்மம் இதுதான். முனை சேராதபோதே அந்தக் காயில் "நான் வேற ஆளு" என்று சொல்லியது. கேட்க ஆளில்லை.

மூன்று ஓம் காயிலும் புதுப் பாயின்ட்டும் போட்டு, முனைகளை முறையாக அழுத்திக் கொடுத்தேன். வண்டி நன்றாக ஓடுகிறது.

ஆகவே, முனை சேராவிட்டால் முதலில் பாகத்தின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிறகு மீட்டர் வையுங்கள். பழைய காயிலும் புதுக் காயிலும் ஓம் கணக்கில் ஒத்துப்போகிறதா? ரெசிஸ்டர் வண்டியில் இருக்கிறதா? எர்த் எந்தப் பக்கம்? ஒயர் நிறத்தையும் பாருங்கள். லூகாஸ் வழக்கத்தில் வெள்ளை சாவி போட்டதும் உயிர் வரும் ஒயர். வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது காயிலிலிருந்து பாயின்ட்டுக்குப் போவது. ஆனால் பழைய வண்டியில் பலர் கைவைத்திருப்பார்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மீட்டரால் உறுதி செய்யுங்கள். பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் மாட்யூல் மாட்டுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாறினால் மாட்யூல் அங்கேயே காலி.

கப்ளர் விஷயத்திலும் அதே கதைதான். கப்ளரில் ஒரு காது, ஒரு பள்ளம் வைத்திருப்பது அழகுக்கு அல்ல, தப்பான இடத்தில் நுழையக் கூடாது என்பதற்காக. அந்தக் காதைக் கத்தியால் சீவி உள்ளே திணிக்கும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எல்லாம் ஒத்துப்போகிறது, உருவம் மட்டும்தான் வேறு என்றால், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வண்டியின் ஒயரை வெட்டாமல், ஒரு முனையில் பழைய வகை, மறுமுனையில் புது வகை வைத்து ஒரு சாண் நீளத்தில் இணைப்பு ஒயர் செய்துகொள்ளுங்கள். நாளைக்கே பழைய வகைப் பாகம் கிடைத்தால் அதைக் கழற்றிவிடலாம். பிளேடு முனையில் 2.8, 4.8, 6.3 என்று அளவுகள் உண்டு. சரியான அளவை வாங்குங்கள். பல்லால் கடித்தோ, பிளேயரால் நசுக்கியோ விடாமல் கிரிம்பிங் கருவியால் இரண்டு இடத்தில் அழுத்துங்கள், செம்பு மேல் ஒன்று, உறை மேல் ஒன்று. கையால் இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நம்ம காற்றில் உப்பு இருக்கிறது. டேப்புக்குள் ஈரம் தங்கி, செம்பு பச்சை பூத்துவிடும். சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். கெட்ட இணைப்பு ஒன்றில் அரை ஓம் தடை இருந்தாலே, மூன்று ஓம் காயிலுக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டில் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். அந்தப் புள்ளியில் சுமார் 6 வாட் சூடு. பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் அந்தச் சூடு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் சாவியைப் போட்டு, பாயின்ட் மூடிய நிலையில், பேட்டரி பிளஸ்ஸுக்கும் காயிலின் சுவிட்ச் முனைக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக வண்டியைக் கொடுக்கலாம். பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள்.

தம்பி தங்கைகளே, இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் நேரம் அரை மணிதான். வண்டிக்காரர் அதைப் பார்ப்பதில்லை, அதற்குத் தனியாகக் காசும் தருவதில்லை. ஆனால் நாம் முறுக்கிவிட்ட ஒயரை நம்பி ஒரு குடும்பம் ராத்திரியில் லாரிகளுக்கு நடுவே போகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்பானரைப் பிடியுங்கள்.