குழி தோண்டும் முன் மலையைப் பார்ப்போம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மழைக்கு, ஊற்றுக்கு மேலே ‘சும்மா கிடக்கிற’ புல்மேட்டில் மரக்கன்று நடலாம் என்று நம் குழுக்கள் சிலவற்றில் தீர்மானம் எழுதியிருக்கிறோம். எண்ணம் நல்லதுதான். ஆனால் நம்ம நீலகிரியில் எங்கே எது வளரணும் என்பதைச் சரிவும் நிழலும் ஈரமும்தான் முடிவு பண்ணுகின்றன.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பார்த்திருப்பீங்க. அடிவாரத்தில் முள்ளுக்காடு. பக்கத்திலேயே கல்லாறு ஓரத்தில் பாக்குத்தோப்பு பச்சைப்பசேலென்று நிற்கும். உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை, ஈரம்தான் வேறு.

2,000 மீட்டருக்கு மேலே வந்தால், மலை மடிப்பில் சோலை, சரிவில் புல். மடிப்பில் மண் ஆழம். தண்ணி வடிந்து வந்து தங்கும். சரிவில் மண் மெலிசு. காத்தும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சிவிடும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்வதால் தெற்குப் பார்த்த சரிவு இன்னும் சீக்கிரம் காயும். அப்போது விழும் உறைபனியில், திறந்தவெளியில் நிற்கும் சோலைக்கன்று கருகிப்போகும். சோலைக்குள்ளே பெரிய மரங்களின் நிழலே அதற்குப் போர்வை. புல்லோ, மேலே கருகினாலும் தூரிலிருந்து துளிர்க்கும்.

2006-லும் 2018-லும் பூத்த நீலக்குறிஞ்சிக்கும் திறந்த சரிவுதான் வீடு. தோடர்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில் வளருவது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம்.

நாள் முழுக்க உழைக்கிற பெண்ணையே “வீட்டுல சும்மாதானே இருக்கா” என்று சொல்லுவாங்க. புல்மேட்டையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அது வேரால் மண்ணைப் பிடித்து, மழைத்தண்ணியை மெல்ல இறக்கிவிடுகிறது. உதகை அருகே கிளன்மார்கனில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை செய்தது. அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் 1972-ல் கற்பூர மரம் நட்டார்கள். மரம் நட்ட பக்கம் முதல் பத்து வருஷத்தில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. ஊற்றை நம்பிக் குடம் தூக்குகிற நமக்கு இது சின்ன விஷயமா?

ஆகவே குழி தோண்டும் முன் மூணு கேள்வி கேட்போம். சரிவு எந்தத் திசை பார்க்கிறது? நிழல் இருக்கிறதா? மழை நின்று எத்தனை நாள் ஈரம் நிற்கிறது?

மடிப்பில், இருக்கிற சோலையை ஒட்டி, அந்தச் சோலையிலேயே வளரும் மரங்களின் கன்றை நடுவோம். அது வனத்துறை நிலமானால் முதலில் அனுமதி கேட்போம். புல்மேட்டில் கற்பூரமும் சீகையும் வேண்டாம். அங்கே முளைத்து வரும் சீகைக்கன்றைச் சின்னதிலேயே பிடுங்கினால், அதுவே நடுவதற்குச் சமமான வேலை.

தீர்மானப் புத்தகத்தில் ‘எத்தனை கன்று’ என்று எழுதுவதோடு ‘எந்த இடம், ஏன்’ என்றும் எழுதுவோம். ஊற்று வற்றாமல் இருந்தால் அதுவும் நமக்குச் சேமிப்புதான்.